மெல்வின் ஏன் பாதியில் எழுந்து போனார்

தம்பி,

இதை எழுதுகிறவன் உன் அப்பன்தான். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதினாள் என்று நினைத்துவிடாதே. அவள் உள்ளே கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். நான் திண்டிவனத்தில் அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, உன் மருமகனின் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடுகிறது. கை வலித்தால் நிறுத்திவிட்டு, எழுதிய வரையில் முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன். நான் எழுதியது நான் நினைத்ததையே சொல்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் காத்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ் வந்தால் எந்த ஊருக்குப் போகிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. மருந்துக்கடைப் பலகை, சினிமா சுவரொட்டி, வறுத்த மல்லாட்டை மடித்துத் தருகிற காகிதம், எதையும் விடுவதில்லை. இப்படி எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்தவன், கடைசியில் நீ எழுதியதையும் படித்துவிட்டேன். அங்கேதான் என் சந்தோஷத்தில் மண் விழுந்தது.

பொங்கலுக்கு ஒரு கட்டு அனுப்பினாயே, அதைத்தான் சொல்கிறேன். உன் ஜாஸ் ஆராய்ச்சி தமிழில் புத்தகமாக வரப்போகிறது, தட்டச்சுப் பிரதி ஒன்று அப்பாவுக்கு, அக்கா நேரம் கிடைக்கும்போது படித்துக் காட்டட்டும் என்று சீட்டு வைத்திருந்தாய். அக்கா இரண்டு பக்கம் படித்தாள். "எனக்குக் கண்ணு சொக்குதுப்பா. நீதான் கிளாசுக்குப் போய்க்கினு இருக்கியே, நீயே படிச்சிக்கோ" என்று மடியில் போட்டுவிட்டுப் போனாள். தையில் தொடங்கினேன், ஆடியில் முடித்தேன். என் வாழ்நாளில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் நீ எழுதியது. இதைச் சொல்லி உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த மாதம் நீ விமானம் ஏறி அமெரிக்கா போகிறாய். அதற்குள் புத்தகம் அச்சுக்கும் போகிறது. தட்டிக்கொடுக்க நேரமில்லை.

முதல் அத்தியாயத்துக்கு ஜாஸ் என்றால் என்ன என்று தலைப்பு வைத்திருக்கிறாய். பதினெட்டுப் பக்கம். பதினெட்டுப் பக்கத்திலும் ஒரு ஆள் வியர்க்கவில்லை, ஒரு ஆள் சிரிக்கவில்லை, ஒரு ஆளுக்கு உதடு வீங்கவில்லை. ஒரு பேராசிரியர் இப்படிச் சொன்னார், இன்னொருவர் அதை மறுத்தார், மூன்றாமவர் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தார் என்று பங்காளிச் சண்டை மாதிரி போகிறது. இந்த மூன்று பேரில் ஒருவராவது டிரம்பெட்டை வாயில் வைத்து ஊதினாரா என்று தேடினேன். அதைப் பற்றிக் குறிப்பே இல்லை. கடைசியில் இருபது பக்கம் நூல் பட்டியல். அந்த நூல்களெல்லாம் வேறு நூல்களைப் பார்த்து எழுதியவை. எங்கள் ரயில் காலனியில் இஞ்சினைத் துடைக்கிறவன்கூடக் கரியைத் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினான். உங்கள் ஆட்கள் எதையுமே தொடாமல் வேட்டி மடிப்புக் கலையாமல் பேர் வாங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டை நான் முதியோர் கல்வி வகுப்புக்குக் கொண்டுபோவது வழக்கம். அங்கே எங்களுக்குப் பாடம் சொல்கிற டீச்சரம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் பக்கத்துப் பலகையில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர் ஒருவர் உட்காருவார். அவர் இன்னும் பெயர் எழுதுகிற இடத்தில்தான் இருக்கிறார். ஒரு நாள் என் கட்டை எட்டிப் பார்த்து, "இன்னா பெரிசு, ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ பொடி எழுத்துல இன்னாமோ கெடக்குதே, அது இன்னாது?" என்று கேட்டார்.

"அடிக்குறிப்பு. இதை எனக்கு யாரு சொன்னாங்கன்னு காட்டறதுக்கு."

"எதுக்கு? நாளைக்குத் தப்பாப் போச்சின்னா அந்த ஆளைப் புடிச்சிக் குடுக்கவா?"

வகுப்பே சிரித்தது. டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தாத்தா, அந்தப் பக்கத்துல ஒரு அடிக்குறிப்பைச் சத்தமா படிங்க" என்றார். படித்தேன். "தகவலாளர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம், நேர்காணல்" என்று வந்தது. அடுத்த பக்கத்திலும் அதே ஆள். நான்காவது அத்தியாயம் முழுக்க அந்த ஒரு ஆள்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கிடக்கிறான். அந்த ஆள் நான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு அன்றைக்கு நான் எழுதவே இல்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விழுப்புரம் பாணி என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாய். ரயில் காலனி கிளப்பில் ஆங்கிலோ இந்தியர்கள், நம் பக்கத்துப் பேச்சில் சட்டைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசிப்பார்கள். ஐந்து வாத்தியத்தோடு பாட்டு தொடங்கும். நடுவில் டிரம்ஸ் நிற்கும். பிறகு சாக்ஸபோன் நிற்கும். கடைசியில் பியானோ மட்டும் தனியாக முடித்துவைக்கும். இதெல்லாம் உண்மைதான். இதற்கு நீயும் உன் பேராசிரியரும் காரணம் எழுதியிருக்கிறீர்கள் பாரு, அதைப் படித்தபோது என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். திருவாமாத்தூர் கோயில் உற்சவத்தில் மேளம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓய்ந்து ஓய்ந்து போவதைக் கேட்டுச் சட்டைக்காரர்கள் அதை ஜாஸில் ஏற்றிக்கொண்டார்களாம். வெள்ளைக்காரன் போன பிறகு அவர்கள் மனதில் இருந்த தனிமையை அந்த ஒற்றைப் பியானோ காட்டுகிறதாம். இதற்கு ஒரு படம் வேறு, ஐந்து கோடு நான்காகி மூன்றாகி ஒன்றாகிற மாதிரி.

தம்பி, டிரம்ஸ் வாசித்தவர் கூட்ஸ் வண்டி கார்டு. சாக்ஸபோன் ஊதியவர் இஞ்சினுக்குக் கரி போடுகிற ஃபயர்மேன். டிரம்பெட் ஊதிய மெல்வின் இஞ்சின் டிரைவர். வண்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் டூட்டிக்குக் கூப்பிட ஒரு ஆள் அழைப்புப் புத்தகத்தோடு வந்து நிற்பான். கையெழுத்துப் போட்டுவிட்டு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பாட்டு பாதியில் இருந்தாலும் சரி, சோறு பாதியில் இருந்தாலும் சரி. பியானோ வாசித்தது ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா. அவருக்கு டூட்டி கிடையாது. அதனால்தான் பியானோ மட்டும் மிஞ்சியது. உங்கள் விழுப்புரம் பாணி அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தோடு போய் நின்ற ஆள் நான். கால்பாய், அதாவது கூப்பிடுகிற பையன், என்று அந்த வேலைக்குப் பேர். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, பேர் மட்டும் பாய்.

நீ கேட்கலாம், நேர்காணல் எடுத்த அன்றைக்கு டேப் ரெக்கார்டரில் ஏன் வேறு மாதிரி சொன்னாய் என்று. அந்தப் பகல் உனக்கும் ஞாபகம் இருக்கும். பேராசிரியர் மெட்ராஸிலிருந்து காரில் வந்தார். முண்டியம்பாக்கத்தில் டயர் பஞ்சர், ஒன்றரை மணி நேரம் தாமதம். வெயிலில் நின்ற எரிச்சலோடு நம் வீட்டில் நுழைந்தார். மோர்ச்சட்டிக்கு மூடியாக உன் அம்மா உடைந்த இசைத்தட்டு ஒன்றை வைத்திருந்தாள். அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார். அந்த மோரைக் குடிக்கிறீர்களா என்று அவள் கேட்டபோது தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நீ மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தாய், அவர் கேட்டார்.

"பெரியவரே, சும்மா இயல்பா பேசுங்க. பாட்டு நடுவுல ஒவ்வொருத்தரா நிறுத்திடுவாங்க இல்லையா, அது ஒரு பாணி மாதிரி இருக்குமா?"

"ஆமாங்க. பாணி மாதிரிதாங்க இருக்கும்."

"கோயில் மேளம் எல்லாம் அவங்க கேட்டிருப்பாங்க இல்லையா?"

"காது இருக்குதே, கேக்காம எங்கங்க போவாங்க?"

உன் முகம் அப்படிப் பிரகாசமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு தேறியபோதுகூட உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. பேராசிரியர் உன் முதுகில் தட்டினார். பதிலைத் தன் கேள்வியிலேயே கட்டிக்கொண்டு வந்தவருக்கு என்னிடம் வேண்டியிருந்தது தலையாட்டல் மட்டும்தான். அதை நான் ஆட்டிக் கொடுத்தேன். ஒரு சுவரைப் பார்த்துக் கேட்டிருந்தாலும் இதே ஆராய்ச்சிதான் வந்திருக்கும். அவர் விழுப்புரத்தில் இருந்தது மொத்தம் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தை வைத்து நாற்பது பக்கம் எழுதவைத்திருக்கிறார், அதுவும் உன் கையால்.

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அவர் அடுத்து மெல்வினைப் பற்றிக் கேட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலில் பேண்டு நடத்துகிறவர் மெல்வின் ஊதுவதைக் கேட்டு அவரை அழைத்துக்கொண்டு போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாரே, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். "பாதியில எழுந்து போய்ட்டாருங்க" என்றேன். "வந்தவரை மதிக்கலையா?" என்று கேட்டார். "மதிக்கலீங்க" என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். மெல்வின் சந்தையை மறுத்த கலைஞன். விலைக்கு வர மறுத்து, வாசிப்பின் உச்சியில் எழுந்து நடந்தவர். அந்த மௌனம்தான் விழுப்புரம் ஜாஸின் மிகப் பெரிய வாசிப்பு. இதைத்தான் அமெரிக்காவில், அந்த இசையைப் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிக்கப்போகிறாய். கேட்கிறவர்களும் எழுந்து கை தட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அங்கேயும் ஊதாதவர்கள்தானே நாற்காலியில் இருப்பார்கள்.

இனி நடந்ததைக் கேள். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. எழுத்துத் தெரியாமல் இல்லை.

நான் அந்த வேலைக்குச் சேரும்போது எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். ஒருவரும் சோதிக்கவில்லை. அழைப்புப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும். இஞ்சின் ஷெட்டு ஆபீஸில் கிளார்க் எழுதி என் கையில் கொடுத்து, "காட்பாடி கூட்ஸ், ஆறரை" என்று வண்டியை மட்டும் சொல்வார். பேரை நானே படித்துக்கொள்வேன் என்று அவருக்கு நினைப்பு. நான் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே வருவேன். எந்த டிரைவர் எப்போது வந்து இறங்கினார், அடுத்த முறை யாருக்கு என்பதெல்லாம் என் மண்டையில் இருந்தது. கிளார்க்கு தவறினாலும் நான் தவற மாட்டேன். பதினோரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முறைப்படி காட்பாடி கூட்ஸ் மெல்வினுக்கு. ஆனால் மெட்ராஸ்காரர் வருகிறார் என்பதால் முதல் நாளே அவர் வேறொரு டிரைவரிடம் டூட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மாற்றம் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுத்தில் மட்டும் இருந்தது.

நான் கிளப்புக்குள் போனபோது மெல்வின் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பியானோ மேல் வைத்துவிட்டுத்தான் ஊதுவார், அது இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. மெட்ராஸ்காரர் முன் வரிசையில், தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை நீட்டினேன்.

"எனக்கு இன்னிக்கு டூட்டி இல்ல மேன். மாத்திட்டேன்."

"புக்குல உங்க பேருதாங்க சார் இருக்குது" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தாங்க சார் வர்றேன்."

என் வாயிலிருந்து வந்ததில் இதைவிடக் கேவலமான சொல் கிடையாது. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்க் கிளார்க்கைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடுமே. மாற்றியதை மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை போல என்று மெல்வின் நினைத்துக்கொண்டார். கண்ணாடியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு நடந்தார். பியானோ மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

ஷெட்டுக்குப் போனதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி ஓடி வந்திருந்தால் மெட்ராஸ்காரரைப் பிடித்திருக்கலாம். அவர் வண்டி ஐந்தே முக்காலுக்குத்தான். ஆனால் அந்த இன்னொரு டிரைவரை யாரும் அழைக்கவில்லை, அழைப்பு வராததால் மாற்றம் இல்லை என்று நினைத்து அவர் பொம்மையார்பாளையத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கூட்ஸ் நின்றால் ஏன் நின்றது என்று விசாரணை வரும். முதல் கேள்வி என்னிடம் வரும். மெல்வின் கிளார்க்கிடம், "நான்தான் மனசு மாறி வந்துட்டேன் மேன், நானே எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இஞ்சினில் ஏறினார். அந்த ஹோட்டல்காரர் மறுபடியும் விழுப்புரம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். "நீ எப்பவும் பேரைப் பாக்காம ஆளு மூஞ்சியைப் பாத்துக்கினே விரலை வைப்ப. ஏன்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுது மேன். இனிமே புக்கை எடுத்துக்கினு முதல்ல இங்க வா. நான் படிச்சுச் சொல்றேன்" என்றார். சொன்னபடி செய்தார். அவர் ஊரில் இருக்கிற நாளெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று பேர்களைக் கேட்டுக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்குப் போனேன். ஐந்து வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது இசைத்தட்டுப் பெட்டியை உன் கையில் கொடுத்தார். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பெட்டியில் தொடங்கியதுதானே உன் ஆராய்ச்சி. அவர் யாரையும் மறுக்கவில்லை தம்பி. போக ஆசைப்பட்டார். புது கோட்டு தைத்து வைத்திருந்தார்.

டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நீங்கள் போன பிறகு உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "இன்னா மனுசன்யா நீ? அந்தத் தொரை உன் வேலையைக் காப்பாத்தினாரு. நீ அவரை மரியாதை தெரியாதவருன்னு பதிவு பண்ணி அனுப்பிட்ட" என்றாள். பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது என்று சொன்னேன். "பென்ஷனாம்" என்றாள், அவ்வளவுதான். அவள் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேராசிரியரைப் பற்றி எனக்கு இருக்கிற இளக்காரத்தில் பாதிக்கு மேல் என்மேல் இருக்கிறது. மீதியில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. நீ அந்தக் காலனியில் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை நான் எந்தப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன் என்று உனக்குத் தெரியும். அப்பா, நீ அந்த நேரத்தில் அங்கே எதற்குப் போனாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மைக்கை நேராகப் பிடிப்பதிலேயே கவனமாக இருந்தாய்.

இதை மாற்றினால் நான்காவது அத்தியாயம் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் உன்னை அமெரிக்காவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். பேராசிரியர் கோபப்படுவார், படட்டும், அவருக்கு இன்னொரு டயர் பஞ்சர் ஆனதாக இருக்கட்டும். அத்தியாயத்தை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் இடத்தோடு போகாதே. நடந்ததை எழுது. தகவலாளர் என்று போடாதே, என் அப்பா என்று போடு, பொய் சொன்னார் என்றும் போடு. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு டூட்டிக்கு நடுவில் வாசித்த இசை அது என்று எழுது. மெல்வின் உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். அவர் பிள்ளைகள் என்றைக்காவது உன் புத்தகத்தைக் கையில் எடுக்கலாம். தங்கள் அப்பா ஒரு நல்ல மனிதரை அவமானப்படுத்திவிட்டு எழுந்து போனார் என்று அவர்கள் படிக்கக் கூடாது.

அழைப்புப் புத்தகத்தில் எப்போதும் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று கையெழுத்துக்கு, ஒன்று நேரத்துக்கு. இந்தத் தாளின் அடியில் ஸ்கேல் வைத்து அதே மாதிரி இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். மேலே உன் பேரை நானே எழுதி, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை ஆள் தவறவில்லை. கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்து, விமானம் ஏறுவதற்கு முன்னால் திருப்பி அனுப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போடு.

உன் அப்பா